இரவல் துடிப்பு

சங்கரநயினார் மூச்சை அடக்கினான். திரையில் ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடும் தயங்கியது.

தற்செயலாக இருக்கும் என்று நினைத்து மெல்ல மூச்சை இழுத்தான். கோட்டின் முகடுகள் நெருங்கி வந்தன. விட்டான். விலகின. கட்டிலில் படுத்திருந்த அமலோற்பவம் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. தன்போக்கில் மூச்சுவிட்டபடி டாக்டர் பியூலாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் மார்பில் ஒட்டிய வயர்கள் காட்டிய இதயமோ, திரைக்குப் பக்கத்தில் நின்ற டெக்னீஷியன் நயினாரின் மூச்சுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"உள்ளுக்குள்ள உறுத்துது டாக்டர்."

"எந்த இடத்துல?"

"நெஞ்சுலதான். வேற எங்க உறுத்தும்?"

"கண்ணுல தூசி விழுந்தா உறுத்துமே, அந்த மாதிரியா?"

"அப்பிடியேதான். எடுத்துத் தூரப் போட்டாத்தான் நிம்மதி. சாப்பிட உக்காந்தா உறுத்துது, படுத்தா உறுத்துது. யாராவது நல்லாருக்கியான்னு கேட்டாலே உறுத்துது."

கடைசியில் சொன்னதை டாக்டர் காதில் வாங்கவில்லை. ஸ்கேன் படத்தைப் பெரிதாக்கி, இதயத்தின் மேல் ஒட்டியிருந்த படலத்தின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"இங்க லேசா மடிஞ்சிருக்கு. இதுதான் உரசுது. திறந்து சரி பண்ணிடலாம்மா. வர்ற திங்கள்கிழமை."

"பண்ணுங்க டாக்டர். இத எடுத்துட்டா நீங்க நல்லாருப்பிய."

நயினார் திரையை அணைத்தான். சட்டைக்குள் மார்பில் ஒட்டியிருந்த வில்லையை அன்று முதல் முறையாகச் சூடாக உணர்ந்தான்.

பழைய பேஸ்மேக்கர் கடிகாரம் மாதிரி. ஒரே கதியில் அடிக்கும். உயிருள்ள இதயம் அப்படி அடிப்பதில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே நூலிழை வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கும். அந்த வித்தியாசத்துக்கு ஏற்பத்தான் ரத்தக் குழாய்கள் தளர்ந்து, இறுகி, பிரஷரைப் பிடித்து நிறுத்துகின்றன. அது இல்லாத உடம்பு சட்டென்று எழுந்து நின்றால் சரிந்துவிடும். அந்த வித்தியாசத்தை எந்தக் கருவிக்கும் கற்றுத்தர முடியாமல் போனபோது, அதை இன்னொரு மனிதரிடம் இரவல் வாங்கினால் என்ன என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. கொடுப்பவர் மார்பில் ஒரு வில்லை. வாங்குபவர் இதயத்தின் மேல் ஒரு மெல்லிய படலம். இவர் இதயம் அடித்தால் அவர் இதயமும் அடிக்கும். இவர் படியேறுவதால் கூடுகிற துடிப்பைக் கருவி கழித்துவிடும். அவர் படியேறினால் வேண்டியதைக் கூட்டிக்கொள்ளும். அதற்குக் கழிக்கத் தெரியாதது மனசு ஒன்றுதான்.

யாருடைய துடிப்பு யாருக்குப் போகிறது என்பதை இருவருக்கும் சொல்வதில்லை. சென்னையில் எங்கோ பொருத்தம் பார்த்து முடிவு செய்வார்கள். தூத்துக்குடியிலிருந்து முதலில் பெயர் கொடுத்தவன் நயினார்தான். பெரிய மனசு என்று மருத்துவமனையில் எல்லோரும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பெரிய மனசுக்காரர்கள் வேறு யாரும் பெயர் கொடுக்கவில்லை என்பது அவர்கள் கண்ணில் படவில்லை.

அமலோற்பவம் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறுகிறவள். படகு வந்ததும் கூடைக்கு முன்னால் நின்று விலை ஏற்றுவது அவள் வேலை. ஐம்பதைத் தாண்டியவள். அவளுக்கு முதலில் இருந்தது வெறும் படபடப்பு. இதயத்துக்குள் மின்சாரம் போகக்கூடாத ஒரு குறுக்குவழி. அதைச் சுட்டு அடைத்துவிட்டால் தீர்ந்தது. அதற்காக வந்து படுத்திருந்தபோது நயினாரிடம் கேட்டாள்:

"தம்பி, உள்ள கரண்டு இருக்குங்கியளே, எந்த மெயின்லேந்து வருது?"

"மேலறையில சின்னதா ஒரு முடிச்சு இருக்குக்கா. அதுதான் சத்தம் குடுக்கும். அது பரவிக் கீழ வரும். கீழறைக்கு உடனே போயிராது. நடுவுல ஒரு வாசல்ல கொஞ்சம் நிக்கும். மேலறை ரத்தத்தை எறக்கி முடிக்கணும்லா, அதுக்கு. அப்புறம் கீழறை மொத்தமாச் சேந்து பிழியும். அந்த ரத்தம் போய்க் குழாய்ச் சுவர்ல முட்டுதுல்லா, அதான் பிரஷர்."

"அப்போ அந்த முடிச்சு என்னைய மாதிரி ஏலக்காரி. நான் சத்தம் குடுத்தாத்தான் எல்லாக் கையும் சேந்து கூடையத் தூக்கும்" என்று சிரித்தாள். "ஏலக்காரியச் சுட்டுராதிய தம்பி."

அவர்கள் சுட்டது ஏலக்காரியைத்தான்.

திரையில் அவள் இதயத்தின் படம். வயரின் நுனி அதில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி வைத்த இடத்திலிருந்து நழுவியதை நயினார் பார்த்தான். பெரிய டாக்டர் சுடும் பெடலில் காலை வைத்துவிட்டார். முந்தின வாரம் இப்படி ஒன்றைச் சொல்லப் போய், "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்று எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். சொல்லலாமா என்று யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் முடிச்சு வெந்துவிட்டது. உடம்பு வாகு அப்படி என்று பெரிய டாக்டர் அவள் மகளிடம் சொன்னார். பிறகு வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார். நயினார் எங்கும் போகவில்லை. வில்லையை ஒட்டிக்கொண்டான்.

யாரோ ஒருவருக்குப் போகட்டும், கணக்கு எங்காவது நேராகட்டும் என்றுதான் நினைத்தான். அது அவளுக்கே போய்ச் சேரும் என்று நினைக்கவில்லை. அவன் இதயத்தோடு சேர்ந்து வேறென்ன போகும் என்றும் நினைக்கவில்லை.

அன்று மாலை வீட்டில் செண்பகம் பால் பாத்திரத்தைப் படாரென்று வைத்தாள்.

"கரண்டு பில்லு கட்டச் சொன்னேன், கட்டல. நான் கத்துதேன். நீங்க புத்தர் மாதிரி உக்காந்திருக்கிய. பதிலுக்கு ரெண்டு வார்த்த பேசுனா கொறஞ்சா போவிய?"

"பேசக்கூடாது செண்பகம். யாருக்கோ பிரஷர் ஏறும்."

"அந்த யாரோ நல்லாருக்கட்டும். எம் புருசன்கூட ஒரு சண்ட போட எனக்குக் குடுத்து வைக்கல."

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பான். இப்போது அந்த யாரோவுக்கு முகம் இருந்தது. அவளுக்கு உறுத்துகிறதே என்று நினைத்தான். நினைத்ததும் இதயம் திடுக்கென்று ஒரு துடிப்பு தவறி, பின்னால் ஒன்று பலமாக அடித்தது. இந்த அடி துறைமுகத் தெருவில் ஒரு வீட்டுக்குள் இப்போது விழுந்திருக்கும். அவள் கையில் எடுத்த சோற்றைக் கீழே வைத்திருப்பாள். அதை நினைத்ததும் அடுத்த அடி இன்னும் பலமாக விழுந்தது. நிறுத்த வழி தெரியவில்லை. அவள் படுவதால் இவனுக்கு உறுத்தியது. இவனுக்கு உறுத்துவதால் அவள் பட்டாள்.

மறுநாள் காலை துறைமுகத்துக்குப் போனான். சீலா மீன் கூடைக்கு முன்னால் அமலோற்பவம் நின்றாள். ஒரு காலத்தில் அவள் விலை கூறும் சத்தம் சாலை வரை கேட்கும் என்பார்கள். இப்போது அருகில் போய்த்தான் கேட்க வேண்டியிருந்தது. லாரிக்காரர் ஒருவர் பாதி விலை கேட்டார். அவள் அவரையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, எடுத்துக்கிடுங்க."

"அமலக்கா!" படகுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "வித்துக் குடுக்கியளா, தானம் பண்ணுதியளா? நாளைலேந்து நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

அவள் கூடையை லாரிக்காரர் பக்கம் தள்ளினாள். நயினாரைப் பார்த்ததும் ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் காட்டினாள்.

"பாத்தியளா தம்பி? முந்தியெல்லாம் இந்த லாரிக்காரன் எம் பக்கத்துல வரவே யோசிப்பான். இப்ப வாயத் தெறந்தாலே, நமக்கு என்ன தகுதி இருக்குன்னு தோணுது."

"எதுக்கு அப்படித் தோணணும்?"

"அதான் தெரியல. கோயிலுக்குப் போயி பாவசங்கீர்த்தனம் பண்ணேன். மறுநாளும் போனேன். ஃபாதர் சொல்லுதாரு, அமலோற்பவம், இல்லாத பாவத்தக் கொண்டுவந்து என் நேரத்த வாங்காதங்காரு." அவள் சிரிக்கப் பார்த்தாள். "பெறவு எங்க நாத்துனா ரோசலி வீட்டுக்குப் போனேன். எம் புருசன் சாவுக்கு வராதவ அவ. நாந்தான் கொன்னேன்னு தெருவெல்லாம் சொன்னவ. அவ வாசல்ல போய் நின்னு நான் மன்னிப்புக் கேட்டேன்."

"நீங்க எதுக்குக் கேட்டீங்க?"

"நெஞ்சு சொல்லுது, என்னமோ தப்பு பண்ணிருக்கன்னு. என்ன தப்புன்னு சொல்ல மாட்டேங்கு. இருக்கதுல பெருசா ஒண்ணத் தேடி எடுத்துக்கிட்டேன். அவரு அன்னைக்கு நெஞ்சு வலிக்குன்னாரு. வாயுன்னு நெனச்சு இஞ்சி தட்டிப் போட்டுக் குடுத்தேன். இத்தன வருசம் அது எனக்குத் தப்பாத் தோணல தம்பி. யாரா இருந்தாலும் அதத்தான செஞ்சிருப்பா? இப்பத் தோணுது. ரோசலி சொன்னது சரிதானோன்னு தோணுது."

கடல் பக்கமிருந்து டீசல் வாடை அடித்தது. அவள் தன்னையறியாமல் நெஞ்சைத் தடவிக்கொண்டாள். அதே கணத்தில் தன் கையும் நெஞ்சுக்குப் போயிருந்ததைக் கண்டு நயினார் கையை இறக்கிக்கொண்டான்.

"திங்கக்கெழம அறுத்து எடுத்துருவாவ. பெறவு சரியாயிரும்" என்றாள்.

நயினார் அங்கிருந்து நேராக டாக்டர் பியூலாவின் அறைக்குப் போனான்.

"மறுபடி திறந்தா என்ன ஆபத்து டாக்டர்?"

"படலம் இதயச் சுவரோட ஒட்டி வளர்ந்திருக்கு. பிரிக்கும்போது சுவரும் கூட வரலாம்."

"வந்தா?"

டாக்டர் பேனாவின் மூடியைப் போட்டார்.

"அவங்க சொன்னது அந்த உறுத்தல் இல்ல டாக்டர்."

"வேற எந்த உறுத்தல்?"

"மனசு உறுத்தல்."

"நயினார், நான் தெளிவாக் கேட்டேன். தூசி விழுந்த மாதிரியான்னு."

"ரெண்டுக்கும் நம்மகிட்ட ஒரே வார்த்தைதான டாக்டர். செருப்புல கல்லு மாட்டுனவனும் உறுத்துதுன்னுதான் சொல்லுவான். தப்பு பண்ணவனும் உறுத்துதுன்னுதான் சொல்லுவான். நீங்க கல்லைக் கேட்டீங்க. அவங்க மத்ததச் சொன்னாங்க. ஸ்கேன்ல ஒரு மடிப்பும் கெடச்சிருச்சு."

"அவங்க என்ன தப்பு பண்ணாங்க?"

"அவங்க பண்ணல."

அமலோற்பவத்தின் துடிப்பைக் கணினியில் வரவழைக்கச் சொன்னான். படலத்திலிருந்து நேரடியாக வரும் கோடு அது. அவள் இப்போது துறைமுகத்தில் இருந்தாள். நயினார் மேசைக்கு முன்னால் நின்று மூச்சை இழுத்தான், விட்டான், அடக்கினான். டாக்டர் கோட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி கோட்டைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே கூடாது."

"தெரிஞ்சு போச்சு. வேற ஆளுக்கு மாத்திருங்க டாக்டர்."

"ஆள் எங்க இருக்கு? பொருத்தமா கிடைக்க மாசக்கணக்காகும். அதுவரைக்கும் உங்க வில்லையைக் கழற்றினா வெறும் கடிகாரத் துடிப்புதான். அவங்களால எழுந்து நிற்கவே முடியாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற ஒண்ணுதான் இருக்கு. நீங்க நிம்மதியா இருக்கணும்."

"அதுக்கு மாத்திர இருக்கா?"

"இரவல் கொடுக்கிறவங்க மாத்திரை சாப்பிடக்கூடாதுன்னு உங்களுக்கே தெரியும்." ஜன்னல் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன பண்ணீங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாம். யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. திங்கள்கிழமைக்குள்ள கோடு தளர்ந்தா நான் கத்தியை எடுக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அமலோற்பவத்தை வார்டில் சேர்த்திருந்தார்கள். மகள் சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தாள். நயினார் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தலைமாட்டில் திரை ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

புள்ளி நழுவியதைச் சொன்னான். பெடலைச் சொன்னான். சொல்லலாமா என்று யோசித்ததைச் சொன்னான். உடம்பு வாகு என்று பொய் சொன்னபோது பக்கத்திலேயே நின்றதைச் சொன்னான். சட்டைப் பொத்தானைக் கழற்றி வில்லையைக் காட்டினான். சொல்லச் சொல்லக் கோடு ஏறிக்கொண்டே போனது. கருவி ஒருமுறை மணியடித்து ஓய்ந்தது. அமலோற்பவத்தின் நெற்றி வியர்த்துவிட்டது.

அவன் முடித்தான். மின்விசிறி ஒரு பக்கமாகக் கீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. பக்கத்துக் கட்டில் நோயாளி புரண்டு படுத்தார். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோசலி வாசல்ல என்னைய நிக்க வச்சது நீயா?"

"ஆமாக்கா."

"எம் புருசன நான் கொன்னேன்னு என்னைய நம்ப வச்சதும் நீயா?"

"ஆமா."

"ஒன்னைய..." என்று ஆரம்பித்தாள். வார்த்தை வாய்வரை வந்து நின்றது. உதட்டைக் கடித்து மறுபடி முயன்றாள். "ஒன்னைய நாறக் கிழிக்கணும்னு நெனைக்கேன் தம்பி. புத்தி நெனைக்கு. நெஞ்சு ஏற மாட்டேங்கு. நீ கோவப்பட்டாத்தான எனக்குக் கோவம் வரும்?"

நயினார் தலைகுனிந்தான். அவன் சொல்லி முடித்திருந்தான். வருஷக்கணக்கில் தொண்டையில் நின்றது இறங்கிவிட்டது. அவனை அறியாமல் உடம்பு லேசாகிக்கொண்டிருந்தது. திரையில் கோடு தளர்ந்தது. பிறகு அமலோற்பவத்தின் முகம் தளர்ந்தது. பிறகு அவள் கை நீண்டு அவன் கைமேல் விழுந்தது.

"போனாப் போவுது. நீயும் சின்னப் பையன்தான. விடு." அவள் கண்ணில் நீர் வந்தது. "எய்யா, உறுத்தல் போயிட்டு தம்பி. நெசமாவே போயிட்டு."

திங்கள்கிழமை டாக்டர் பியூலா அறுவை சிகிச்சையை ரத்து செய்தார்.

நயினார் அன்று வீட்டில் மூன்றாம் முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். இன்றைக்குத்தான் மனுசன் மாதிரி சாப்பிடுகிறீர்கள் என்றாள் செண்பகம். அவனும் மன்னிக்கப்பட்டவன் மாதிரிதான் உணர்ந்தான். கை கழுவிக்கொண்டிருந்தபோது வரிசை நினைவுக்கு வந்தது. முதலில் கோடு. அப்புறம் முகம். அப்புறம் வார்த்தை.

குழாயை மூட மறந்து நின்றான். அவள் மன்னித்ததால் அவனுக்கு நிம்மதி வரவில்லை. அவனுக்கு நிம்மதி வந்ததால் அவள் மன்னித்தாள். அவனே செய்து, அவனே சொல்லி, அவள் நெஞ்சை வைத்து அவனே தன்னை மன்னித்துக்கொண்டிருந்தான்.

இதயம் தடதடக்க ஆரம்பித்தது. ஐயோ என்று வில்லையைக் கையால் பொத்தினான், பொத்தினால் நின்றுவிடும் என்பதைப் போல. இனி இதற்காக உறுத்தக்கூடாது. உறுத்தினால் அங்கே போய் விழும். தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, வேறெதையும் நினைக்காமல், மூச்சை எண்ணி எண்ணித் தன்னை அமைதிப்படுத்திக்கொண்டான். செய்த தப்புக்கு வருந்தக்கூட அவனுக்கு அனுமதி இல்லை.

மறுநாள் டாக்டரிடம் போய், வேறு ஆள் தேடும் அந்த மாசக்கணக்கை ஆரம்பித்து வையுங்கள் என்றான்.

"இப்ப எதுக்கு? அவங்க பிரஷர் கச்சிதமா இருக்கு. சந்தோஷமா இருக்காங்க. உங்களுக்கு ஜெபம் பண்றதா சொன்னாங்க."

"அதான் டாக்டர். அது அவங்க பண்ற ஜெபம் இல்ல."

"மாத்தினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சிட்டேன்."

ஆள் கிடைக்க மழைக்காலம் வந்துவிட்டது. அதுவரை அவன் தொட்டித் தண்ணீர் மாதிரி அசையாமல் வாழ்ந்தான். செய்தி பார்க்கவில்லை. செண்பகத்தின் தம்பி கல்யாணப் பந்தியில் யாரோ அவமதித்தபோதும் சிரித்தான். அமலோற்பவம் சோதனைக்கு வரும்போதெல்லாம் அவனுக்குக் கருவாடு கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டான். உறுத்தாமல் வாங்கிக்கொள்ளப் பழகியிருந்தான்.

மாற்றம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. சென்னையிலிருந்து உத்தரவு வந்ததும் டாக்டரே அவன் வில்லையை உரித்து எடுத்தார். தோல் அந்த இடத்தில் வெளுத்து, வட்டமாக இருந்தது. புது ஆள் யாரென்று யாருக்கும் தெரியாது. நயினார் சட்டையைப் போட்டுக்கொண்டு படியிறங்கினான். வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்தபோது கைபேசி அடித்தது.

"ஏல, எடுபட்ட பயலே!"

துறைமுகச் சாலை வரை கேட்கும் குரல். அவன் கைபேசியைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தான்.

"அக்கா."

"அக்காவா? ஒங்கிட்ட கருவாடு வேற குடுத்தேனே, வெளங்காத மூதி! எங் கரண்டச் சுட்டுப்போட்டு, எம் மானத்த ரோசலி காலடியில கொண்டுபோய் வச்சுட்டு, விடு தம்பின்னு எங் கையாலேயே ஒங் கையத் தடவ வச்சியே! அன்னைக்கு ஒன்னைய மன்னிச்சது நான் இல்லல. கேட்டுக்க. நான் இல்ல."

"தெரியும்க்கா."

"தெரியுமா? மாத்தச் சொன்னது நீதான்னு டாக்டர் சொன்னாவ. தெரிஞ்சுதான் சொன்னியா?"

மறுமுனையில் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. பின்னால் கூடைகள் இழுபடும் சத்தம், யாரோ விலை கேட்கும் சத்தம்.

"எவளோ நல்ல சண்டக்காரி போல, இப்ப எனக்குக் குடுக்கவ" என்றாள், குரல் கொஞ்சம் இறங்கி. "இது எங் கோவந்தானான்னு கேட்டுராத. யாரு கோவமா இருந்தா என்ன, இது எனக்கு வேணும். வச்சிராத. நான் இன்னும் முடிக்கல."

நயினாரின் இதயம் விலா எலும்பில் வந்து மோதியது. அந்த அடி இனி எங்கும் போகாது. அவனோடு நின்றுவிடும். அவன் வண்டிமேல் சாய்ந்து, கைபேசியை மறுபடி காதோடு சேர்த்துப் பிடித்தான்.

"வைக்கலக்கா. சொல்லுங்க."